கேம் பெட்டி, ஜிபிஎஸ், சாட்டிலைட் போன்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரத்தில் படகுக் கருவிகளும் வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் இருந்து ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் உப்பு ஏறிப்போய் வரும். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து சபராளிகள் வளைகுடாவில் இருந்து கொண்டுவந்த போனும் கேம் பெட்டியும் வரும். சாமானைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் கேட்கிற கேள்விகள் மட்டும் பல வருடமாக மாறவே இல்லை. இது ராணுவ சாமானா, இதைக் கொண்டுவந்தால் பிடிப்பார்களா, இராக் அதிபராக இருந்த சதாம் உசேன் கேம் பெட்டி வாங்கினாராமே என்று. பதில் தெரியாமல் போன சிலர் கம்பி எண்ணியதைப் பார்த்த பிறகுதான், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடுன்னா என்னண்ணே? கடையில காசு கொடுத்து வாங்குற சாமானுக்கு எதுக்கு அது?

ஒரு நாட்டில் தாராளமாக விற்கிற பொருளை, அரசாங்க அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று சொல்வதுதான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. துப்பாக்கி, குண்டுக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கும் பயன்படும், படைக்கும் பயன்படும் என்கிற இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களுக்கும் இது உண்டு. வேகமான கம்ப்யூட்டர், வெப்பத்தைப் பார்க்கும் கேமரா, ட்ரோன், சில வகை சிப், ரகசியக் குறியீட்டு மென்பொருள் எல்லாம் இதில் வரும்.

பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் கூட்டாளிகளும் சோவியத் பக்கம் தொழில்நுட்பம் போகாமல் தடுக்க 'கோகாம்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1994-இல் அதைக் கலைத்தார்கள். 1996-இல் வாசனார் ஏற்பாடு என்று புதிதாக ஒன்று வந்தது. 2017 டிசம்பரில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நம் நாட்டுப் பட்டியலுக்கு 'ஸ்காமெட்' என்று பெயர், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதாவது நமக்கு மற்றவர்கள் போடுவதும் இருக்கிறது, நாம் மற்றவர்களுக்குப் போடுவதும் இருக்கிறது.

ப்ளேஸ்டேஷன் 2-ஐ ஆயிரக்கணக்குல வாங்கி சதாம் உசேன் ஏவுகணை செஞ்சாருன்னு சொல்றாங்களே, நெசமா?

இந்தக் கேள்விக்கு வயது இருபத்தைந்து. 2000 டிசம்பரில் அமெரிக்க இணையப் பத்திரிகை ஒன்று, இராக் 4,000 ப்ளேஸ்டேஷன் 2 வாங்கிவிட்டது, பலவற்றைச் சேர்த்துப் பெரிய கம்ப்யூட்டராக ஆக்கப் போகிறது என்று எழுதியது. ராணுவ உளவுத்துறையின் ரகசிய அறிக்கை ஒன்றைக் காரணம் காட்டியது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அப்படி இராக்குக்குப் போன பெட்டிகளை யாரும் இதுவரை காட்டவில்லை.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் கதை நிற்கவில்லை. ஏவுகணைக்கு வழிகாட்ட முதலில் வேண்டியது கணக்குப் போடும் வேகம் இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகம் கூடுகிறது என்று நுணுக்கமாக அளக்கும் கருவிகள் வேண்டும், அதிர்விலும் சூட்டிலும் அவை பிசகாமல் நிற்க வேண்டும். 1969-இல் நிலாவில் மனிதனை இறக்கிய அப்பல்லோ கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் வெறும் 4 கிலோபைட். சாய்வையும் வேகத்தையும் அளக்கும் அந்தக் கருவிகள் எதுவும் ப்ளேஸ்டேஷன் 2-இல் கிடையாது. அந்த கேம் பெட்டியை லினக்ஸ் என்ற மென்பொருள் போட்டு சாதாரண கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டும் தொகுப்பைக்கூட சோனி 2001-இல்தான் ஜப்பானில் விட்டது. அதற்கு முன்னாலேயே புரளி வந்துவிட்டது.

அப்ப ஜப்பான் கவர்மெண்டு ஏன் தடை போட்டுச்சு? நெருப்பில்லாம புகையுமா?

நெருப்பு இருந்தது, ஆனால் வேறு இடத்தில் இருந்தது. ப்ளேஸ்டேஷன் 2 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச் 4. அடுத்த மாதமே அங்குள்ள வர்த்தக அமைச்சகம் அந்தப் பெட்டியையும் அதன் 8 மெகாபைட் மெமரி கார்டையும் ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடிய பொதுப் பொருட்கள் என்று வகைப்படுத்திவிட்டது. படங்களை அவ்வளவு வேகமாகக் கையாளும் சிப்பை ஏவுகணை வழிகாட்டலுக்குப் பயன்படுத்த முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 50,000 யென்னுக்கு மேல் மதிப்புள்ள சரக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு பெட்டியின் விலை 39,800 யென். இரண்டு வாங்கினாலே வரம்பு தாண்டிவிடும்.

இதைத் தடை என்று சொல்வது பிழை. முறையாக அனுமதி வாங்கி சோனி அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனையைத் தொடங்கியது. ஆனால் 'அனுமதி வேண்டும்' என்ற சொல் பத்திரிகையில் 'தடை' ஆனது, தடை என்றதும் 'ஆயுதம்' ஆனது, டிசம்பரில் அந்த ஆயுதத்துக்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். இராக் மேல் 1990 ஆகஸ்டில் இருந்தே ஐ.நா. பொருளாதாரத் தடை இருந்ததால், எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்கள். அரசாங்கத்தின் ஒற்றை வரி விதியில் இருந்து ஒரு புரளி எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ராணுவம் கேம் மிஷினை வாங்கவே இல்லைன்னு சொல்றீங்களா?

வாங்கியது. வாங்கியது இராக் இல்லை, அமெரிக்க விமானப்படை. நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் உள்ள அவர்களுடைய ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட ப்ளேஸ்டேஷன் 3 பெட்டிகளைக் கோத்து 2010-இல் 'காண்டோர்' என்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. ரேடார் படங்களைத் தெளிவாக்குவது மாதிரியான ஆராய்ச்சிக்கு. அதே திறனைத் தனியாகக் கட்டுவதைவிடச் செலவு பல மடங்கு குறைவு என்பதுதான் காரணம். அதற்கும் முன்னால் 2003-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 70 ப்ளேஸ்டேஷன் 2-ஐக் கோத்துப் பார்த்தார்கள்.

ஆகவே கேம் பெட்டியால் பெரிய கணக்குப் போட முடியும் என்பது உண்மை. அதை ஏவுகணை மூக்கில் வைப்பது என்பது கதை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாப் புரளியும் உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்கும் இப்படி நடந்துருக்கா? நம்ம நாட்டுக்கு யாராச்சும் தரமாட்டேன்னு சொல்லியிருக்காங்களா?

நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அமெரிக்காவில் இருந்து கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டோம். அணு ஆயுத வேலைக்குப் பயன்படுத்திவிடுவோமோ என்ற சந்தேகத்தில் இழுத்தடித்தார்கள். கடைசியில் அதைவிடத் திறன் குறைந்த கிரே எக்ஸ்-எம்பி 14-ஐ டெல்லியில் வானிலைக் கணிப்புக்கு என்ற நிபந்தனையோடு தந்தார்கள். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1988-இல் தொடங்கிய சி-டாக் நிறுவனம், 1991-இல் அது காட்டிய பரம் 8000.

வானிலைக் கணிப்பு நமக்குச் சின்ன விஷயம் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது எப்படி என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. புயலைக் கணிக்கிற இயந்திரமும் அணுகுண்டைக் கணக்கிடுகிற இயந்திரமும் ஒன்றே என்பதால் வானிலைக் கம்ப்யூட்டருக்கும் நாம் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நடந்தது. 1999-இல் ஆப்பிள் விட்ட பவர் மேக் ஜி4 ஒரு நொடிக்கு நூறு கோடிக் கணக்கைத் தாண்டியதால், அப்போதைய அமெரிக்க விதிப்படி பல நாடுகளுக்கு அனுப்ப முடியாத 'சூப்பர் கம்ப்யூட்டர்' ஆகிவிட்டது. ஆப்பிள் அதையே பீரங்கி வண்டிகளைக் காட்டி விளம்பரம் ஆக்கிக்கொண்டது. விதியை எழுதிய காலத்துக்கும் சாமான் வந்த காலத்துக்கும் இடைவெளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு வரம்பை உயர்த்தினார்கள்.

எங்க போட்டுல இருக்க ஜிபிஎஸ் அமெரிக்க மிலிட்டரியோடதா? சண்டை வந்தா ஆஃப் பண்ணிருவாங்களா?

செயற்கைக்கோள்கள் அமெரிக்கப் படையுடையவைதான். 1983 செப்டம்பரில் வழி தவறிய கொரியப் பயணி விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்திய பிறகு, இந்த வசதியைப் பொதுமக்களுக்கும் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். ஆனால் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்த சிக்னலைத்தான் தந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அந்தப் பிழை கலப்பதை நிறுத்தினார். அதற்கு முன்னால் வலை சிக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைக் குறித்து வைத்தவர்கள், மறுநாள் போனால் இடம் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். கருவி கோளாறு என்று திட்டியிருப்பார்கள். கோளாறு கருவியில் இல்லை.

2007-இல் எடுத்த முடிவுப்படி புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களில் அந்தப் பிழை கலக்கும் ஏற்பாடே கிடையாது. ஒரு பகுதியில் மட்டும் சிக்னலை அமுக்கிவிடுவது முடியும். அதனால்தான் ரஷ்யா, ஐரோப்பா, சீனா எல்லாம் தனித்தனியாக வைத்திருக்கின்றன. நமக்கு நாவிக் இருக்கிறது.

ஜிபிஎஸ்-ஐ ராக்கெட்டுல கட்டி விட்டா வேலை செய்யுமா?

கடையில் விற்கிற கருவி அந்த வேகத்தில் தானாக நின்றுவிடும். சுமார் 18 கிலோமீட்டர் உயரம், மணிக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் வேகம். இதைத் தாண்டினால் இடம் காட்டக்கூடாது என்று சிப்பிலேயே எழுதிவிடுவார்கள். முதல் பதிலில் சொன்ன கோகாம் குழுவின் பெயரில் இன்றைக்கும் இதைக் கோகாம் வரம்பு என்கிறார்கள். குழு போய் முப்பது வருடம் ஆனாலும் உங்கள் படகுக் கருவிக்குள் அது இருக்கிறது. விசைப்படகு அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது.

எல்லை தாண்டுன போட்டைப் பிடிச்சா சிலோன் நேவி ஜிபிஎஸ், வாக்கி டாக்கியைத்தானே மொதல்ல எடுக்குறாங்க. அது ராணுவ சாமான்னா?

இல்லை. படகைப் பிடித்தால் அதில் உள்ள எல்லாமே வழக்குப் பொருள். எந்த இடத்தில் இருந்தீர்கள் என்ற தடம் ஜிபிஎஸ்-இல் பதிவாகியிருக்கும், அதுதான் அவர்களுக்குச் சான்று. உங்களுக்கும் அதுவே சான்று ஆகலாம். தடத்தை அழிக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கேள்வி வருவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஈழப் போர்க் காலத்தில் இலங்கை அரசு வடக்குக்குப் போகக்கூடாது என்று பட்டியல் போட்டது. பெட்ரோல், சிமென்ட், யூரியாவோடு டார்ச் பேட்டரியும் அதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்டார்கள். இந்தப் பக்கம் நம் கரையில் பேட்டரிப் பெட்டியும் அவுட்போர்டு இஞ்சினும் மொத்தமாக வாங்கினால் க்யூ பிரிவு போலீஸ் விசாரிக்கும். கடை வைத்திருந்தவர்கள் யாருக்கு விற்றோம் என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். கட்டை பேட்டரி ஆயுதப் பட்டியலில் இருந்த காலத்தைப் பார்த்த கரை இது. ஜிபிஎஸ்-ஐப் பார்த்துச் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

துபாய்ல மச்சான் துரையா சாட்டிலைட் போன் வச்சிருக்கான். போட்டுக்கு ஆகும்னு கொண்டு வரச் சொல்லவா?

சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

துரையா, இரிடியம் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். பேசியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பையில் இருந்தால் போதும். துபாய்க் கடையில் அது சாதாரண சாமான், பில் போட்டுத் தருவார்கள். அந்த பில் இங்கே உங்களைக் காப்பாற்றாது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தார்கள். கரையருகே கைவிட்ட அந்தப் படகில் கிடைத்தவை ஒரு சாட்டிலைட் போனும் ஒரு ஜிபிஎஸ்-உம். மீன்பிடிப் படகு, சாட்டிலைட் போன் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் அதிகாரிகள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில வருடம் முன்னால் ஒரு பெரியவர் ஈரத் துண்டில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால் தடித்த ஆன்டெனாவோடு துரையா. மருமகன் ஊருக்கு வந்தபோது ஆசையாகக் கொடுத்தானாம். "ஆன் ஆக மாட்டேங்குது, பாருங்க தம்பி" என்றார். ஆன் ஆகாமல் இருந்ததே அவர் செய்த புண்ணியம். இந்தக் கடலோரத்தில் அந்த சிக்னல் எழும்பினாலே கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தார். பல நாள் அலைந்தார், ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தார். தெரிந்த இன்னொரு பையனை விமான நிலையத்திலேயே பிடித்து, ஜாமீன் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கெட்ட எண்ணம் என்று பார்த்தால் இருவருக்கும் ஒரு துளி வித்தியாசம் இல்லை. இருவருக்குமே அது இல்லை.

ஐபோன்லயே சாட்டிலைட் இருக்காமே. அதையும் பிடிப்பாங்களா?

ஐபோன் 14-இல் இருந்து அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சேவை இந்தியாவில் தரப்படவில்லை. போனைக் கொண்டுவரலாம், வைத்திருக்கலாம், பயப்பட வேண்டாம்.

கார்மின் இன்ரீச் வேறு கதை. மலையேறுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் சின்னக் கருவிதான், ஆனால் அது இரிடியம் செயற்கைக்கோளோடு பேசுகிறது. மேலே சொன்ன அதே விதி அதற்கும். வெளிநாட்டுப் பயணிகள் கோவா விமான நிலையத்தில் இதற்காகச் சிக்கியிருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் சாதாரணப் படகு ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், அதற்குப் பிரச்சினை இல்லை. வாங்குகிற கருவியா, அனுப்புகிற கருவியா என்று கேட்டுப் பழகுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

அதுவும் கூடாது, இதுவும் கூடாதுன்னா நடுக்கடல்ல ஆபத்துன்னா என்ன செய்ய?

நியாயமான கோபம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த வலியில் இருந்துதான் துரையா ஆசை வருகிறது.

சட்டப்படி வழி இருக்கிறது. பிஎஸ்என்எல் மூலமாக இன்மார்சாட் என்ற சாட்டிலைட் போனை முறையாக வாங்கலாம். இஸ்ரோ வடிவமைத்த ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, 'டாட்' என்பார்கள், இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், உங்கள் செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கே வரும். மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மரைன் விஹெச்எஃப் செட் இருந்தால் சேனல் 16-ஐ எப்போதும் திறந்து வையுங்கள். செல் சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீஸுக்கு 1093. இந்த இரண்டு எண்ணையும் வீல்ஹவுஸ் பலகையில் பெயின்டில் எழுதி வைத்திருக்கும் ஒரு படகு எனக்குத் தெரியும். எல்லாரும் எழுதலாம்.

வாக்கி டாக்கி ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்கு கெடைக்குதே, அதுக்குமா லைசென்ஸ்?

எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் பேசுகிற செட்டுக்கு உரிமம் வேண்டாம். எல்லா அலைவரிசையிலும் பேசும் மலிவு செட்டுக்கு வேண்டும். விற்கிறவன் இதைச் சொல்லாமல் விற்றதால்தான் 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைக்குத் தனி வழிகாட்டு விதி போட்டது. பெட்டியில் அலைவரிசையும் அனுமதி எண்ணும் அச்சிடப்படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் வெளிநாட்டுல இருந்து வாங்கி வரலாமா? பாம்பன் பாலத்தை எடுக்கணும்.

முழு ட்ரோனாகவோ, பிரித்த பாகங்களாகச் சேர்த்து மாட்டும் வகையிலோ கொண்டுவர 2022 பிப்ரவரியில் இருந்து தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். சீனாவும் தன் பக்கம் 2023 செப்டம்பர் முதல் சில வகை ட்ரோன்களுக்கும் பாகங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கேட்கிறது, உக்ரைன் போரில் இரு தரப்பும் கடை ட்ரோனைக் குண்டு போடப் பயன்படுத்தியது உலகம் பார்த்தது.

இங்கே வாங்கிய ட்ரோனாக இருந்தாலும், பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசாங்க ட்ரோன் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு எல்லாருக்கும் மேலிருந்து எடுக்க ஆசை. ஆசை சரிதான், இடம் அப்படி.

லெபனான்ல பேஜர் வெடிச்ச மாதிரி நம்ம போனையும் தூரத்துல இருந்து வெடிக்க வைக்க முடியுமா?

2024 செப்டம்பர் 17-இல் பேஜர்களும் மறுநாள் வாக்கி டாக்கிகளும் வெடித்தபோது, ஒரே வாரத்தில் என்னிடம் எத்தனை பேர் போனைக் காட்டினார்கள் என்று கணக்கே இல்லை. அந்தப் பேஜர்களில் தயாரிக்கும்போதே பேட்டரிப் பகுதிக்குள் வெடிமருந்தை ஒளித்து வைத்திருந்தார்கள். சாதாரண பேட்டரியைக் கட்டளை அனுப்பி அப்படி வெடிக்கவைத்தது இல்லை அது. லித்தியம் பேட்டரி கெட்டால் உப்பும், புகையும், தீப்பிடிக்கும். குண்டு மாதிரி வெடிக்காது. உங்கள் போனின் பின்மூடி மேடு தட்டியிருந்தால் அதுதான் ஆபத்து, அன்றைக்கே மாற்றுங்கள்.

ரஷ்யாக்காரங்க வாஷிங் மெஷின்ல இருந்து சிப்பைப் புடுங்கி ஏவுகணை செய்றாங்களாமே?

2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையன் பாத்திரம் கழுவும் இயந்திரம், ஃபிரிட்ஜ் சிப்பை எடுத்து ரஷ்யா ராணுவக் கருவிகளைச் சரிசெய்கிறது என்று உரையிலேயே சொன்னார். அதனால் இதைச் சதாம் கதையோடு அப்படியே சேர்க்க முடியாது. விழுந்த ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் பிரித்தபோது வீட்டு சாமானில் இருக்கும் மாதிரியான சாதாரண சிப்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அவற்றைப் புதிதாகவே மூன்றாவது நாடுகள் வழியாக வாங்குவதுதான் பெரிய வழி. சால்டரிங் செய்கிறவனாகச் சொல்கிறேன், பழைய போர்டில் இருந்து ஆயிரக்கணக்கில் சிப் எடுத்து நம்பகமாக வேலை வாங்குவது பெரும்பாடு.

2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு வீடியோ கேம் கண்ட்ரோலர் அனுப்புவதையே தடுத்தது. ட்ரோன் ஓட்ட அது பயன்படுகிறது என்று. சதாம் கதையில் பொய்யாக இருந்தது இருபத்தைந்து வருடம் கழித்து வேறு உருவத்தில் நிஜமாகிவிட்டது. அதனால்தான் "எல்லாம் புரளி" என்றும் நான் சொல்வதில்லை.

என் தம்பி கேமிங் சென்டர் போடுறான். கிராபிக்ஸ் கார்டு கூட ராணுவ சாமான்னு சொல்றாங்க, வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 என்ற விளையாட்டுக் கார்டை 2023 அக்டோபர் விதிகளில் அமெரிக்கா சீனாவுக்கு அனுப்பாமல் தடுத்தது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குக்கு அது உதவும் என்பதால். உடனே அந்த நிறுவனம் சீனாவுக்கென்று திறன் குறைத்த ஒன்றைச் செய்தது. பவர் மேக் கதையேதான், வரம்பு மட்டும் பல மடங்கு மேலே போயிருக்கிறது. இந்தியாவில் கடையில் பில் போட்டு வாங்கி உங்கள் சென்டரில் மாட்டுவதில் தடை இல்லை. அதை வெளிநாட்டில் யாருக்காவது வாங்கி அனுப்பச் சொல்லி ஆள் வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

தெர்மல் கேமரா ஏன் படம் விட்டு விட்டு ஓடுது? கோளாறா?

கோளாறு இல்லை. நொடிக்கு 9 படத்துக்கு மேல் காட்டும் வெப்பக் கேமராக்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமை. அதனால் மலிவு கேமராக்களை 9 படத்துக்குள் கட்டிப்போட்டே செய்கிறார்கள். ஓடுகிற ஆளைக் குறிவைக்க அது போதாது, சூடாகும் வயரைப் பார்க்கப் போதும்.

ஏர்போர்ட்ல ஒருத்தர் பொட்டியைக் கொடுத்து அந்தப் பக்கம் கொடுத்துருன்னாரு. உள்ள என்னன்னு எனக்குத் தெரியாதுன்னா தப்பிச்சிரலாமா?

குருவி வேலைக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. மதுரையில் இருந்து துபாய்க்கும் கொழும்புக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் தருகிறார்கள். பெட்டியில் போன் இருக்கலாம், ட்ரோன் இருக்கலாம், பெயர் தெரியாத போர்டு இருக்கலாம்.

தெரியாது என்று சொன்னால் போதாது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 138ஏ பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தே செய்தார் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்கிறது. தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. கொடுத்தவர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

இதைச் சொல்லும்போது எனக்குப் பேரறிவாளன் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அது சுங்க வழக்கு இல்லை, ராஜீவ் கொலை வழக்கு. பத்தொன்பது வயதில் இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்று 1991-இல் கைதானார். எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் தான் சேர்க்கவில்லை என்று, பதிவு செய்த அதிகாரியே 2013-இல் சொன்னார். உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18-இல். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பேட்டரி அது.

ஆகையால் யார் கொடுத்தாலும், சொந்தத் தாய்மாமனே ஆனாலும், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாமானின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சாமான் என்னவென்று புரியவில்லை என்றால் போட்டோவோடு கடைக்கு வாங்க. பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. பிரிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.